மோஸ்பாக்குக்கு யார் சொல்வது

அல்மெலோ, 4 டிசம்பர் 1989

அன்புள்ள ட்ரூஸ்,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கை தவறிவிட்டது என்று எழுதலாமா என்று பார்த்தேன். தவறவில்லை. வைத்தேன். இனிமேல் போன் வேண்டாம். நாம் இரண்டு பேரும் மாறி மாறி அழுவதற்கு போன்காரனுக்கு எதற்குக் காசு? எழுதினால் நடுவில் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு வரலாம். பதினாலு வயதில் நூற்பாலைக்குப் போனவள் நான். இத்தனை நாள் கடிதமெல்லாம் உன் தம்பி பேரெண்ட்தான் எழுதினார். என் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய ஹோக்லைட்டன் விளம்பரப் புத்தகம் வந்தது. படத்தில் இருக்கிற எல்லாரும் பல்லைக் காட்டுகிறார்கள். கோடையிலும் கரையாத பனி என்று போட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் என்னிடம் கேட்டாயே, "மோஸ்பாக்கா ஹோக்லைட்டனா, இந்த வருஷம் நீயே சொல்லு ஃபென்னா" என்று. மோஸ்பாக் என்றேன். உடனே "அங்க என்னடி இருக்கு, புல்லும் சேறும்?" என்றாய். இருபத்துநாலு பனிக்காலம் நீயும் லம்மெர்டும், நானும் பேரெண்டும் என்று நாலு பேரும் ஒன்றாகப் போனோம். நீங்கள் மூன்று பேரும் பனியில் சறுக்க மலைக்குப் போவீர்கள். நான் ஒரு நாளும் சறுக்குக் கட்டையில் ஏறினதில்லை. மோஸ்பாக்கில் நோட்புர்காவின் விடுதி அடுக்களையில் உட்கார்ந்து, நம் ஊரிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு போன உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருப்பேன். எந்த ஊர் என்று அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம்.

சொல்ல வந்தது இது இல்லை. சனிக்கிழமை நோட்புர்காவிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கமான அறைகள் நமக்குத் தயாராம். போன வருஷம் கிளம்பும்போதே சொல்லி வைத்துவிட்டு வந்தோமே, அதேபடி. இது பேரெண்டுக்கு இருபத்தைந்தாவது வருஷமாம். விடாமல் வருகிற விருந்தாளிக்கு ஊர் கொடுக்கிற பதக்கத்தை பிப்ரவரியில் கொடுக்கப் போகிறார்களாம். பேண்டு வாசிப்பார்களாம். "அவர அந்தச் சிவப்புக் குல்லாவோட வரச் சொல்லு, இல்லாட்டி ஊர்த் தலைவருக்கு அடையாளம் தெரியாது" என்று எழுதியிருக்கிறாள்.

ட்ரூஸ், அவளுக்குத் தெரியாது. மோஸ்பாக்கில் யாருக்குமே தெரியாது.

ஜூனில் அவர் போன காலை பக்கத்து வீட்டு யான்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். உனக்கும் அவர்தான் போன் போட்டார். நம் பக்கத்தில் சாவு வீட்டுக்காரி தன் வாயால் சாவைச் சொல்வதில்லை, உனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். யான்ஸ் ஆஸ்திரியா வரைக்கும் சைக்கிள் மிதிப்பாரா?

இந்த நிமிஷம் வரைக்கும் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஃபென்னா


ஃப்ளிஸ்ஸிங்கன், 11 டிசம்பர் 1989

ஃபென்னா,

சரி, கடிதமே எழுதுவோம். லம்மெர்ட் சிரிக்கிறார். "போன்ல சண்டை போட்டாலாவது சீக்கிரம் முடியும்" என்கிறார்.

முதலில் பனி. மோஸ்பாக் உயரம் குறைந்த ஊர், பனி நிற்பதில்லை. போன வருஷம் கடைசி நாள் லம்மெர்ட் பாறையில் உரசிக் கட்டையைக் கெடுத்துக்கொண்டார். பேரெண்ட் பாதிச் சரிவைப் புல்லில் நடந்து இறங்கி, "நடைப்பயிற்சிக்கு இவ்வளவு தூரம் காரோட்டி வந்தேனா" என்று கத்தினான். உன் காதிலும் விழுந்தது. லம்மெர்டின் முழங்கால் இன்னும் மூன்று வருஷம் தாங்கினால் பெரிது. முப்பத்தெட்டு வருஷம் படகில் நின்ற கால். மிச்சம் இருக்கிற வருஷங்களை நல்ல பனியில் கழிக்கட்டுமே. ஹோக்லைட்டன் அதே பள்ளத்தாக்கில்தான், பேருந்தில் ஏறினால் முக்கால் மணி.

அடுத்தது, நீ கேட்காதது. அங்கே எவனுக்கும் பேரெண்டைத் தெரியாது. அங்கே நான் படியேறினால், பின்னால் இன்னொருத்தன் வருகிறானா என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது போதும்.

நோட்புர்காவுக்கு இன்னுமா சொல்லவில்லை? ஆறு மாதம்! நான் ஒரு அட்டையில் இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுகிறேன். ஐந்து நிமிஷ வேலை. இங்கே கடற்கரைப் பக்கத்தில் செத்தால் நாங்களே சொல்லிக்கொள்கிறோம், வானம் இடிந்து விழவில்லை.

வழக்கத்தைப் பற்றிச் சொன்னாய், அதனால் சொல்கிறேன். உன் அயல்வீட்டுக்காரர்கள் என் தம்பியைக் குளிப்பாட்டினார்கள், சட்டை போட்டார்கள், தூக்கினார்கள், காபி ஊற்றினார்கள். நான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். நான் கேட்டேன், ஒரு சட்டைப் பொத்தானையாவது போடுகிறேன் என்று. "நீங்க உட்காருங்கம்மா, இதெல்லாம் எங்க வேலை" என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் உன் கையைப் பிடித்தார்கள். நான் யாருடைய மேல்கோட்டையோ கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது யார் கோட்டு என்று இன்றுவரைக்கும் தெரியாது.

ட்ரூஸ்


அல்மெலோ, 18 டிசம்பர் 1989

அன்புள்ள ட்ரூஸ்,

எழுதாதே. அட்டை போடாதே. அஞ்சல்காரன் பால் கணக்கோடு சேர்த்துக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற செய்தியா அது? நாற்பது வருஷம் உப்புக் காற்று அடித்ததில் உனக்கு எல்லாம் மறந்துவிட்டது. சாவை வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும். கால் இருக்கிறவர்கள் போக வேண்டும்.

கோட்டு விஷயம் எனக்குத் தெரியாது. நான் யாரையும் பார்க்கவில்லை. கை வந்தது, பிடித்தேன், அடுத்த கை வந்தது. உன்னை உட்காரச் சொன்னது நான் இல்லை. என்னையும்தான் உட்கார வைத்தார்கள். என் புருஷனுக்கு நான் சாக்ஸ் கூடப் போட்டுவிடவில்லை. அவருக்கு எப்போதும் இடது கால்தான் முதலில். அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

நோட்புர்காவுக்கு எழுத நானே உட்கார்ந்தேன். குளிரைப் பற்றி எழுதினேன். முட்டைக்கோஸ் பற்றி எழுதினேன். அதற்கப்புறம் வரவில்லை, கிழித்துப் போட்டேன். இன்னொரு நாளும் அப்படியே. ஆனால் கிறிஸ்துமஸ் வருகிறதே, அட்டை போடாவிட்டால் பயந்துவிடுவாள் என்று ஒரு அட்டை வாங்கினேன். கீழே பேரெழுத வேண்டிய இடம் வந்தது. இருபத்துநாலு வருஷமாக முதலில் அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. "பேரெண்ட், ஃபென்னா" என்று எழுதிவிட்டேன். பார்த்துக்கொண்டே உறையில் போட்டேன். பார்த்துக்கொண்டே பெட்டியில் போட்டேன்.

திட்டு. எனக்கும் தெரியும்.

ஆனால் இதையும் கேள். இங்கே கடைக்குப் போனால் ரொட்டிக்காரி குரலை இறக்கிக்கொள்கிறாள். தேவாலயத்தில் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் செத்தவர். மோஸ்பாக்கில் மட்டும் அவருக்காகப் படுக்கை விரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவர் பிப்ரவரியில் வரப்போகிற ஆள். பாத்திரம் கழுவும்போது அதை நினைத்துக்கொள்வேன். ஒரு இடத்தில் இன்னும் இருக்கிறார் என்று. அதனால்தான் மோஸ்பாக் என்றேன். அங்கே போனால் அதுவும் போய்விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யோசித்தால் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

களைப்பாக இருக்கிறது ட்ரூஸ். இந்த இரண்டு பக்கம் எழுத மூன்று நாள் ஆனது.

ஃபென்னா


ஃப்ளிஸ்ஸிங்கன், 29 டிசம்பர் 1989

ஃபென்னா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவையே தொடவில்லை. என்ன எழுதினாலும் தப்பாக எழுதிவிடுவேன் என்று தெரிந்தது. இப்போதும் தப்பாகத்தான் எழுதப் போகிறேன்.

என் செத்துப்போன தம்பி கையெழுத்தை நீ போட்டாய். அவன் அங்கே இருக்கிறான் என்று நீ பாத்திரம் கழுவிக்கொண்டே சந்தோஷப்படுகிறாய். நான் என்னவென்று சந்தோஷப்படுவது? நோட்புர்கா வாசலில் நின்று அவன் எங்கே என்று கேட்பாளே, உன் பக்கத்தில் நிற்கப்போவது யார்? நான். நீ வாயைத் திறக்க மாட்டாய். உனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு யான்ஸ் வருவார். அங்கே யார் வருவார்?

இன்னொன்று. லம்மெர்ட் என்னைக் கேட்காமலே ஹோக்லைட்டனில் மூன்று பேருக்கு முன்பணம் கட்டிவிட்டார். தொலைக்காட்சியில் காட்டினார்கள், மோஸ்பாக் பக்கமெல்லாம் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. மாடு மேய்க்கலாம். "ஃபென்னா சறுக்கப் போறதில்லையே, அவளுக்கு எந்த ஊரானா என்ன" என்றார். நான் அவரைத் திட்டினேன், ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லவில்லை.

வருகிறாயா, இல்லையா? உனக்கும் பேரெண்டுக்கும் பிள்ளை இல்லை. எனக்கு இருக்கிற ஒரே தம்பியும் போய்விட்டான். வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் நாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது. இந்த வருஷம் நீ ஒரு ஊர், நான் ஒரு ஊர் என்று ஆனால், அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் அட்டையோடு நிற்கும். அதற்கடுத்த வருஷம் அதுவும் நிற்கும். இப்படிப் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவன் இல்லாமல் நீ எனக்கு யார், நான் உனக்கு யார்? அதைச் சொல். ஊரை அப்புறம் பார்க்கலாம்.

ட்ரூஸ்


அல்மெலோ, 9 ஜனவரி 1990

அன்புள்ள ட்ரூஸ்,

புது வருஷத்துக்கு யான்ஸ் வீட்டிலிருந்து ஒரு வாளி நிறைய எண்ணெயில் பொரித்த மாவுருண்டை கொடுத்தார்கள். இரண்டு தின்றேன். மிச்சம் பறவைக்குப் போட்டேன். பறவையும் தின்று களைத்துப் போனது.

அவர் இல்லாமல் நீ எனக்கு யார் என்று கேட்டாய். ராத்திரியெல்லாம் அதே யோசனை.  விடிகிற நேரத்தில் ஒன்று தோன்றியது.

இங்கே யார் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை. சுவரை ஒட்டி இருக்கிற வீடு. அவ்வளவுதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். யான்ஸுக்கும் பேரெண்டுக்கும் வேலி விஷயமாக நாலு வருஷம் பேச்சே இல்லை. ஆனாலும் அன்று காலை முதலில் வந்தது யான்ஸ்தான்.

மோஸ்பாக்கில் எங்கள் சுவரை ஒட்டி யார்? இருபத்துநாலு பனிக்காலமாக மாடியில் எங்கள் அறை, அடுத்த அறை உங்களுடையது. லம்மெர்டின் குறட்டைக்கு பேரெண்ட் சுவரில் தட்டுவார். நீ பதிலுக்குத் தட்டுவாய். அப்படியானால் அங்கே நெருங்கின அயல்வீட்டுக்காரி நீதான். அட்டை போட உனக்கு உரிமை இல்லை. நேரில் போய்ச் சொல்ல உன்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை.

பொத்தான் போட உன்னை விடவில்லை. இதை உன்னிடம் விடுகிறேன். செய்வாயா?

செய்வதானால் முறையாகச் செய். உட்காராதே. எதையும் குடிக்காதே. குல்லாவைக் கழற்று. "பேரெண்ட் காலமாயிட்டாரு, அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல். எப்படி, எப்போது என்று கேட்டால் மட்டும் சொல். பிறகு அடுத்த வீடு. ஒரு வீட்டைச் சொல்லிவிட்டு இன்னொரு வீட்டை விட்டால் பெரிய மனஸ்தாபமாகும், யாரையும் விடாதே.

நான் ஹோக்லைட்டன் வருகிறேனா என்று தெரியவில்லை. எங்குமே வருகிறேனா என்று தெரியவில்லை. லம்மெர்டிடம் கோபமில்லை என்று சொல். அவர் சொன்னது உண்மைதானே, நான் சறுக்குவதில்லை.

ஃபென்னா


மோஸ்பாக், 27 ஜனவரி 1990

ஃபென்னா,

விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டோம். லம்மெர்டிடம் "பனி இருக்கான்னு பாத்துட்டு வருவோம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்தார். பாதி வழியில், "பனி பாக்க யாராச்சும் கறுப்புக் கோட்டு போட்டுட்டு வருவாங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பனி இல்லை. சரிவு முழுக்கப் பழுப்புப் புல். சறுக்குகிறவர்களை மேலே இழுத்துப் போகிற இழுவைக் கம்பி சும்மா தொங்குகிறது. நோட்புர்கா விடுதியில் எங்களைத் தவிர ஆள் இல்லை. எல்லாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

கார் சத்தம் கேட்டதுமே மாவுக் கையோடு ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். லம்மெர்டைக் கட்டிக்கொண்டாள். பிறகு காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"எங்க அவரு? பின்னாடி தூங்குறாரா?"

நான் குல்லாவைக் கழற்றினேன். நீ சொன்ன வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னேன். அவள் சிரித்த முகம் அப்படியே நின்றது, பிறகுதான் மாறியது.

"கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்துச்சே."

"ஃபென்னா போட்டது."

மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரோட பேரும் ஒரே கையெழுத்துல இருந்துச்சு. கெழவனுக்கு சோம்பேறித்தனம் வந்துடுச்சு, வரட்டும் பேசிக்கிறேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்" என்றாள். பிறகு அழுதாள். உன்மேல் கோபமில்லை ஃபென்னா. "பாவம், அத எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ" என்றாள்.

உள்ளே இழுத்தாள். மாட்டேன், முறையில்லை, நான் சொல்ல வந்தவள் என்றேன். "உங்க ஊரு முறைய உங்க ஊருல வச்சுக்கோ, மொதல்ல உக்காரு" என்று கையில் ஒரு கோப்பைச் சாராயத்தைத் திணித்தாள். உட்கார்ந்தேன். குடித்தேன். மன்னித்துக்கொள். மற்ற எல்லா வீட்டிலும் நின்றேன்.

ரொட்டிக்கடையில் சொன்னேன். பேண்டு தலைவரிடம் சொன்னேன். அவர் பதக்கத்துக்கு வாசிக்கிற பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், குழலைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவதாகச் சறுக்குக் கட்டை வாடகைக்குக் கொடுக்கிற விதவை வீடு. அங்கே வாயைத் திறந்தபோதுதான், நான் சொல்வது என் காதில் விழுந்தது. பேரெண்ட் காலமாகிவிட்டான். அடக்கம் செய்த அன்றுகூட எனக்கு அது முழுசாக உறைக்கவில்லை. அந்த அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவரு அக்காதானே? அவரு எப்பவும் சொல்லுவாரு, எங்கக்கா என்னவிட நல்லா சறுக்குவா, ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்கன்னு" என்றாள். என் கையைப் பிடித்தாள் ஃபென்னா. இரண்டு கையாலும் பிடித்தாள். அப்புறம் நான் போன வீட்டிலெல்லாம் பிடித்தார்கள்.

எனக்கு இங்கேயே இருக்க வேண்டும் போலிருக்கிறது. நானா இதை எழுதுகிறேன் என்று பார். லம்மெர்ட் தினமும் காலைப் பேருந்தில் ஹோக்லைட்டன் போய் வருகிறார். பனி நன்றாகத்தான் இருக்கிறதாம். "ஆனா இழுவைக்கு வரிசையில நிக்கறதுலயே பாதி நாள் போயிடுது. பக்கத்துல நிக்கறவன் குட் மார்னிங் கூட சொல்றதில்ல" என்கிறார். அந்த முன்பணம் போனால் போகட்டும் என்றும் முணுமுணுத்தார்.

ஒரே ஒருத்தர் பாக்கி. இழுவைக் கம்பி ஓட்டுகிற ஆலோய்ஸ். கம்பி ஓடவில்லை என்று மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், அடுத்த சனிக்கிழமை வருவாராம். அவரிடம் சொல்வதுதான் கஷ்டம். மலையே இல்லாத ஊர்க்காரன் என்று அவர் பேரெண்டைக் கேலி செய்வதும், அவன் பதிலுக்குச் சொல்வதும் உனக்குத் தெரியுமே. "இந்தத் தட்டைநாட்டுக்காரன் இந்த வருஷமும் விழுவான்", "விழுந்தா உன் மேலதான்யா விழுவேன்". அவர் வந்த அன்றே போய்ச் சொல்லிவிடுகிறேன். முறைப்படி நின்றுகொண்டே.

உன் அறை அப்படியே இருக்கிறது. ஹோக்லைட்டன் அறையும் இருக்கிறது. ஊரைப் பற்றி இனிக் கேட்கக்கூடாது என்றிருந்தேன். கேட்கிறேன். எங்கே வருகிறாய்?

நேற்று ராத்திரி லம்மெர்ட் குறட்டை விட்டார். அந்தப் பக்கம் சத்தமில்லை. நானே எழுந்து சுவரில் தட்டினேன். வெறும் அறை, தட்டின சத்தம் எனக்கே திரும்பி வந்தது.

ட்ரூஸ்


அல்மெலோ, 31 ஜனவரி 1990

அன்புள்ள ட்ரூஸ்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். நீ சாராயம் குடித்ததை யான்ஸிடம் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் பேருந்துச் சீட்டு வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "மோஸ்பாக்கா? எத்தன பேரு?" என்றாள். ஒன்று என்றேன். "ஒண்ணுதானா?" என்றாள். சின்னப் பெண், சும்மா கேட்டாள். ஆமாம் என்றேன், அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இங்கேயிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்படுகிற வண்டி. சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வரட்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். உருளைக்கிழங்கு கொண்டு வரவில்லை, தனியாகத் தூக்க முடியாது. நோட்புர்காவிடம் அவளுடையதையே சீவிக்கொள்கிறேன் என்று சொல்.

நீ செய்தது போதும். எனக்காகச் செய்தாய், உனக்காகவும் செய்தாய். அவர்கள் உன் கையைப் பிடித்தது எனக்கு நிம்மதி.

ஆனால் ஆலோய்ஸிடம் போகாதே. அவரை எனக்கு விட்டு வை. சாவு வீட்டுக்காரியே சொல்வது வழக்கம் இல்லைதான். யான்ஸிடம் சொன்னபோது தலையைச் சொறிந்தார், "அப்படி யாரும் செஞ்சதில்லையே" என்றார். செய்யட்டுமே ஒருத்தி.

நீ வேண்டுமானால் கூட வா. ஆனால் கொஞ்சம் தள்ளி நில். எனக்கு முன்னால் நீ வாயைத் திறந்தால் மறுபடியும் போனை வைத்த மாதிரி ஆகிவிடும். அவர் என் பின்னால் எட்டிப் பார்ப்பார். தட்டைநாட்டுக்காரன் எங்கே என்று கேட்பார்.

கேட்கட்டும்.

ஃபென்னா